கார் லோன் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ரிவார்டு கார்டு எடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதபூஜை சமயத்தில் பைபாஸ் ரோட்டு ஷோரூம்களில் கார் எடுத்தவர்கள், நாலைந்து இஎம்ஐ போனதும் வரிசையாகக் கேட்கிற கேள்விகள் இவை. மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: கிரெடிட் கார்டு பாயின்ட்டை வைத்து கார் கடனைக் குறைக்க முடியுமா? முடியும், ஆனால் பலர் நினைக்கிற வழியில் இல்லை. கணக்கு புரிவதற்காக எல்லாப் பதிலிலும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 6 லட்சம் ரூபாய் கடன், 9.5 சதவீத வட்டி, 5 வருடம். இதற்கு இஎம்ஐ சுமார் 12,600 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 1 லட்சத்து 56 ஆயிரம் வரும்.

இஎம்ஐயை நேரடியாக கிரெடிட் கார்டில் கட்டலாமா?

பொதுவாக முடியாது. லோன் எடுக்கும்போதே உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நாச் மேன்டேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், மாதாமாதம் 5ஆம் தேதியோ 7ஆம் தேதியோ காசு அதன் வழியாகத்தான் போகும். தனியாகக் கட்டப் போனாலும் கடன் தவணை என்றால் யுபிஐ, டெபிட் கார்டு, நெட் பேங்கிங் இந்த மூன்றைத்தான் காட்டும். ஒரு கடனை இன்னொரு கடனால் அடைப்பதைக் கடன் கொடுத்தவர்களே விரும்புவதில்லை, அதுதான் காரணம்.

ஏதாவது ஆப் வழியாகச் சுற்றி வளைத்துக் கட்டினால்? பாயின்ட் கிடைக்குமே?

கிடைக்கும் பாயின்ட்டைவிடக் கட்டணம் அதிகம். இப்படிப்பட்ட வழிகளில் 2 சதவீதம் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 2.36 சதவீதம். 12,600 ரூபாய்க்கு 297 ரூபாய் போகிறது. கார்டு 1 சதவீதம் திருப்பித் தந்தால் 126 ரூபாய் வருகிறது. மாதம் 171 ரூபாய் நஷ்டம், அதுவும் பாயின்ட் கிடைத்தால்தான். வாலட்டில் காசு ஏற்றுவது, வாடகை மாதிரியான செலவுகளுக்குப் பாயின்ட்டே கிடையாது என்று பெரும்பாலான வங்கிகள் எழுதிவைத்துவிட்டன. முன்பு வாடகை கட்டுகிற மாதிரி சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பி, அதை எடுத்து இஎம்ஐ கட்டியவர்கள் உண்டு. பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு (கட்டுகிறவரிடம் பணத்தை வாங்கி வியாபாரிக்குச் சேர்க்கும் இடைநிறுவனங்கள்) ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புது விதி கொண்டுவந்த பிறகு பெரிய ஆப்கள் அந்த வாடகை வசதியையே நிறுத்திவிட்டன.

தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்துக் காசாக வாங்கிக்கொண்டால்?

வேண்டாம். கடைக்காரர் 2, 3 சதவீதம் கமிஷன் பிடிப்பார், பொருளே விற்காமல் பில் போடுவது அவர் வங்கியோடு போட்ட ஒப்பந்தத்துக்கு எதிரானது, பிடிபட்டால் அவர் மெஷினும் போகும், உங்கள் கார்டும் முடங்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால் (ரொக்கமாக என்றால் 1 லட்சமே போதும்) அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குத் தானாகப் போகும். காசைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பவர்கள் இந்த எல்லையை நினைத்ததைவிடச் சீக்கிரம் தொட்டுவிடுவார்கள். வருமானம் 4 லட்சம் காட்டிவிட்டு கார்டில் 12 லட்சம் கட்டியிருந்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு எடுப்பது இதைவிட மோசம். எடுத்த நிமிடத்திலேயே ஒரு கட்டணம், அன்றைக்கே வட்டியும் ஆரம்பம், பாயின்ட் பூஜ்ஜியம்.

இந்த மாதம் மட்டும் கார்டு பில்லில் பாதி கட்டிவிட்டு, கையில் இருக்கும் காசை இஎம்ஐக்கு விடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கார்டில் மீதி வைத்தால் பல வங்கிகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்போது நாலு வட்டியைத் தாண்டிவிடுகிறது. ஒருத்தர் வீட்டுக்கு வந்து நாலு வட்டிக்குக் காசு தருகிறேன் என்று சொன்னால் கந்துவட்டி என்று கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். அதே வட்டி, பளபளவென்று ஒரு ஆப்பில் "குறைந்தபட்சத் தொகை" என்ற பட்டனாக வரும்போது அழுத்திவிடுகிறோம். கார்டு வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்த உத்தரவையும் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் அந்த 30 சதவீத உச்சவரம்பு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

எண்களில் பார்ப்போம். 12,600 ரூபாயை ஒரு மாதம் கார்டில் மீதி வைத்தால் வட்டி 441, ஜிஎஸ்டி 79, ஆக 520 ரூபாய். அதே 12,600 ரூபாய் கார் லோனில் ஒரு மாதம் நின்றால் வட்டி 100 ரூபாய். ஐந்து மடங்கு வித்தியாசம்! இதோடு முடியவில்லை, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கிற மளிகை, மருந்து எல்லாவற்றுக்கும் 45 நாள், 50 நாள் இலவசக் காலம் போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதம் இப்படி நடந்தாலே நாலைந்து மாதம் சேர்த்த பாயின்ட் போய்விடும்.

காசு நிஜமாகவே போதவில்லை என்றால் லோன் கொடுத்த இடத்தில் முன்கூட்டியே பேசுங்கள். அதற்காக இஎம்ஐயைச் சும்மா பவுன்ஸ் ஆகவும் விடாதீர்கள், லோன் கொடுத்தவர் ஒரு கட்டணம், உங்கள் வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள், சிபிலிலும் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) ஏறும்.

அப்படியானால் ரிவார்டு கார்டால் கார் லோனுக்கு என்னதான் பிரயோஜனம்?

லோனைக் கார்டு தொடக் கூடாது. எப்படியும் செய்யப்போகிற வீட்டுச் செலவை கார்டில் போட்டு, பில்லை முழுசாகக் கட்டி, வருகிற கேஷ்பேக்கைத் தனியாக ஒதுக்கி, வருடத்துக்கு ஒரு தடவை லோன் அசலில் சேர்த்துக் கட்டுவது. அவ்வளவுதான் வழி.

எவ்வளவு தேறும்? மாதம் 25,000 ரூபாய் கார்டில் போகிறது, அதில் 5,000 ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம், மீதி 20,000க்கு 1 சதவீதம் என்றால் 250, 200, மொத்தம் 450 ரூபாய். வருடத்துக்கு 5,400. கட்டணம், பாயின்ட் கிடைக்காத செலவுகள் எல்லாம் கழித்தால் 4,000 ரூபாயைச் சுற்றி நிற்கும். ஒரு இஎம்ஐயில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக வராது. கார்டு பாயின்ட்டிலேயே காரை அடைத்துவிடலாம் என்று யாராவது வீடியோவில் சொன்னால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஆனாலும் 4,000 ரூபாய் சும்மா வருகிற காசு, அதை விடுவானேன்? தீபாவளி போனஸோடு சேர்த்துக் கட்டும்போது அதற்கு ஒரு கனம் வந்துவிடும்.

சரி, எந்த மாதிரி கார்டு?

முதலில் பார்க்கவேண்டியது ரிவார்டு எந்த உருவத்தில் வருகிறது என்பது. நமக்கு வேண்டியது காசு. கார்டு பில்லிலேயே கழித்துக்கொடுக்கிற கேஷ்பேக் நல்லது, பில்லில் 400 குறைந்தால் அந்த 400 உங்கள் வங்கிக் கணக்கில் மிஞ்சும், அதை அன்றைக்கே ஆர்டியில் (மாதாமாதம் சேர்க்கும் தொடர் வைப்பு) போட்டுவிடலாம். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு இந்த வகை. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு வருடக் கட்டணமே கிடையாது, ஆனால் வருகிற காசு அமேசான் பே இருப்பாகத்தான் விழும், லோனுக்கு அனுப்ப முடியாது. அதற்காக அது மோசம் என்றில்லை. அந்த இருப்பில் வீட்டுக்கு வேண்டிய பொருளை வாங்கிக்கொண்டு, அதே அளவு காசைக் கையிலிருந்து ஒதுக்கிவைக்கிற கட்டுப்பாடு இருப்பவர்களுக்கு அது போதும். அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் வராது என்பதால்தான் பில்லில் கழிக்கிற கார்டை முதலில் சொல்கிறேன். விமானப் பயண மைல், ஹோட்டல் வவுச்சர், ஏர்போர்ட் லவுஞ்ச் என்று தருகிற கார்டுகளை லோன் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

அடுத்து ஒரு பாயின்ட்டின் மதிப்பு. "100 ரூபாய்க்கு 4 பாயின்ட்" என்று பெரிசாகப் போட்டிருப்பார்கள். ஒரு பாயின்ட் 25 பைசா என்றால் அது வெறும் 1 சதவீதம். காசாக மாற்றினால் ஒரு மதிப்பு, அவர்கள் கேட்டலாகில் பொருள் வாங்கினால் வேறொரு மதிப்பு என்றும் வைத்திருப்பார்கள். காசு மதிப்பை மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, எதற்கெல்லாம் கிடையாது என்கிற பட்டியல். விளம்பரத்தில் இருக்காது, நிபந்தனைகள் பக்கத்தில் அடியில் இருக்கும். பெட்ரோல், வாலட், வாடகை, இஎம்ஐயாக மாற்றிய பொருள், நகை, இன்சூரன்ஸ், கரன்ட் பில், பள்ளிக் கட்டணம், இவற்றில் எது எது இருக்கிறது என்று தேடி, உங்கள் வீட்டுச் செலவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவில் பாதி அந்தப் பட்டியலில் விழுந்தால் கார்டு உங்களுக்கானது இல்லை. மாதம் இவ்வளவுக்கு மேல் கேஷ்பேக் கிடையாது என்கிற உச்சவரம்பும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாகக் கட்டணம். 500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 590. 1 சதவீதக் கார்டில் 59,000 ரூபாய் செலவு செய்தால்தான் அந்த 590 திரும்பும். அதற்குக் கீழே செலவு செய்கிற வீட்டுக்குக் கட்டணமில்லாத கார்டே போதும். கட்டணத் தள்ளுபடிக்காகச் செலவைக் கூட்டாதீர்கள்.

மால் வாசலில் மேஜை போட்டு "லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்று கூப்பிடும் பையன்களிடம் சண்டை போடவேண்டாம், அவர்கள் டார்கெட்டுக்கு ஓடுபவர்கள். ஆனால் ஆதாரும் பானும் கொடுக்கும் முன் அந்த "ஃப்ரீ" எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்காமலே கார்டு வந்து அதற்குக் கட்டணமும் போட்டால், ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தரவேண்டும்.

கார் இருக்கிறது, பெட்ரோல் கார்டு எடுக்கலாமே?

தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஓட்டுகிறவர், கொடைக்கானல், ராமேஸ்வரம் டிரிப் அடிக்கிற டாக்ஸிக்காரர் என்றால் யோசிக்கலாம். பிபிசிஎல் எஸ்பிஐ, இந்தியன் ஆயில் ஹெச்டிஎஃப்சி மாதிரி கார்டுகள் அந்தந்த கம்பெனி பங்க்கில் போட்டால்தான் லாபம், நீங்கள் வழக்கமாகப் போகிற வழியில் அந்த பங்க் இருக்கவேண்டும். பாயின்ட்டும் பெரும்பாலும் பெட்ரோலாகவே திரும்பும், அந்தக் காசை நீங்கள்தான் கையால் ஒதுக்கவேண்டும். மாதம் 2,000, 3,000க்கு மட்டும் பெட்ரோல் போடுகிற வீட்டுக்குத் தனிக் கார்டு தேவையில்லை. பெட்ரோலுக்குக் கார்டு தேய்த்தால் பிடிக்கிற கூடுதல் கட்டணமான சர்சார்ஜ் 1 சதவீதம் திரும்பக் கிடைக்கிற சாதாரணக் கார்டு போதும், அதிலும் சர்சார்ஜ் மேல் போட்ட ஜிஎஸ்டி திரும்பாது.

நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் கார்டு மெஷினே இல்லையே?

அதற்குத்தான் ரூபே கிரெடிட் கார்டு. 2022இலிருந்து இதை யுபிஐயில் இணைக்கலாம், கீழமாசி வீதி மளிகையிலும் மாட்டுத்தாவணி காய்கறிக் கடையிலும் கியூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். ஆனால் கடைக்காரர் வைத்திருப்பது வியாபாரக் கணக்கின் கியூஆராக இருக்கவேண்டும். பூக்கார அம்மா தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டு போகாது, தனி ஆளுக்குப் பணம் அனுப்ப இதில் அனுமதியில்லை. சிறு வியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை இதில் கட்டணமும் கிடையாது, கடைக்காரர் தயங்கினால் சொல்லுங்கள். யுபிஐயில் கட்டினால் பாயின்ட் குறைவு என்று சில கார்டுகள் வைத்திருப்பதையும் எடுக்கும் முன் பாருங்கள்.

நகைக்கடையில் தேய்க்கலாமா?

தெற்கு ஆவணி மூல வீதியில் விசாரித்துவிட்டுத் தேயுங்கள். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட" என்று சொல்கிற கடையில் 1 சதவீதக் கார்டைத் தேய்ப்பதில் என்ன இருக்கிறது?

சம்பளச் சீட்டு இல்லை, வியாபாரம் செய்கிறேன். கார்டு கிடைக்குமா?

வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால் அதை வைத்துக் கேட்கலாம். இல்லையென்றால் வைப்புநிதி போட்டு அதன் பேரில் கார்டு வாங்குங்கள், போட்ட தொகையில் பெரும்பகுதி லிமிட்டாகக் கிடைக்கும், எஃப்டிக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஒழுங்காகக் கட்டினால் சிபில் வரலாறும் உருவாகும். மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற குடும்பங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கார்டு பில்லும் இஎம்ஐயும் ஒரே வாரத்தில் வந்து கழுத்தை நெரிக்கிறது. என்ன செய்ய?

பில் தேதியை மாற்றச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது பில்லிங் சுழற்சியை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சம்பளம் 1ஆம் தேதி, இஎம்ஐ 5ஆம் தேதி என்றால் கார்டு கெடு 2, 3ஆம் தேதியில் விழுகிற மாதிரி வையுங்கள். கையில் காசு இருக்கும்போதே இரண்டும் போய்விடும். முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள், "குறைந்தபட்சத் தொகை" என்ற பெட்டியில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த காசை லோனில் எப்படிக் கட்டுவது?

மாதம் 400 ரூபாய் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். பகுதித் தொகை கட்டக் குறைந்தபட்ச அளவு, வருடத்துக்கு எத்தனை தடவை, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் லோன் ஒப்பந்தத்தில் இருக்கும். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு எடுத்த லோன் என்றால் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தந்திருப்பார்கள், கட்டணமெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அதனால் ஆர்டியில் சேர்த்து, வருடத்துக்கு ஒரு தடவை கட்டுங்கள். கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்கவேண்டாம், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

எப்போது கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் உதாரணத்தில் முதல் மாத இஎம்ஐ 12,600இல் 4,750 வட்டிக்கே போகிறது. ஒரு வருடம் முடிந்ததும் 50,000 ரூபாய் அசலில் கட்டினால் கிட்டத்தட்ட ஐந்தரை மாதம் குறைந்து 21,000 ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சமாகும். அதே 50,000 ரூபாயை நாலாவது வருடம் முடிந்து கட்டினால் மிச்சம் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல், அவ்வளவுதான். போனஸ், சீட்டுப் பணம், கேஷ்பேக் எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு வருடத்திலேயே போடுங்கள்.

மொத்தமாக ஒரே அடியாக முடித்துவிடலாமா?

கட்டணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டிதான், அதற்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் போடலாம். 2 லட்சம் பாக்கி இருக்கிறது, 5 சதவீதக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய் என்று வைப்போம். கட்டாமல் இன்னும் 17 மாதம் இஎம்ஐயே கட்டினால் வரும் வட்டி சுமார் 14,500. இரண்டுக்கும் வித்தியாசம் 2,700 ரூபாய். அந்த 2 லட்சத்தை எஃப்டியில் போட்டால்கூட இதைவிட அதிகம் வருமே! கட்டணமே இல்லை என்றால் தாராளமாக முடியுங்கள்.

நகையை அடகு வைத்து முடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வட்டி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் நகைக்கடனில் பெரும்பாலும் வருடக் கடைசியில் மொத்தமாகத் திருப்பவேண்டும், தவறினால் ஏலம். மாதாமாதம் கரைகிற கடனை விட்டு அதற்குப் போகாதீர்கள்.

கார்டு எடுத்தால் சிபில் குறையுமா?

விண்ணப்பித்ததும் கொஞ்சம் இறங்கும், ஒழுங்காகக் கட்டினால் ஏறிவிடும். ஒரே மாதத்தில் நாலு கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைப்பது நல்லது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும், வாங்கிப் பாருங்கள்.

கடைசி இஎம்ஐ கட்டியாச்சு. அவ்வளவுதானா?

இல்லை, ஆர்சியில் அடமானப் பதிவு இன்னும் இருக்கும். லோன் கொடுத்த இடத்தில் தடையில்லாச் சான்றும் அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35ஐயும் வாங்கிக்கொண்டு, அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பித்து, வண்டி எந்த ஆர்டிஓவோ அங்கே ரத்து செய்யவேண்டும்: டிஎன் 58 மதுரை தெற்கு, டிஎன் 59 வடக்கு, டிஎன் 64 மத்தி. தடையில்லாச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு, பீரோவில் வைத்து மறந்துவிட்டால் வண்டி விற்கும் நாளில் மறுபடி அலையவேண்டும். அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியிலும் கடன் கொடுத்தவர் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், நாச் மேன்டேட்டை உங்கள் வங்கியில் ரத்து செய்யுங்கள், ஒரு மாதம் கழித்து சிபிலில் அந்த லோன் "முடிந்தது" என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.